கடைசிப் பத்து மீட்டர்: ஒரிகன் காட்டில் டப்பா தேடலும் மரம் அறிதலும்

ஜியோகேச்சிங் என்பது செயற்கைக்கோள்களின் துணையோடு ஆடும் விளையாட்டு. ஒருவர் காட்டிலோ பூங்காவிலோ நகரத் தெருவிலோ ஒரு டப்பாவை ஒளித்துவைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையதளத்தில் பதிவுசெய்கிறார். மற்றவர்கள் அந்த எண்களைக் கைபேசியில் ஏற்றிக்கொண்டு தேடிப் போகிறார்கள். டப்பாவுக்குள் ஒரு சிறிய நோட்டு இருக்கும். கண்டுபிடித்தவர் அதில் பெயரையும் தேதியையும் எழுதிவிட்டு, எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட வேண்டும். டப்பா பெரிதாக இருந்தால் சின்னச் சின்னப் பொருட்களும் உள்ளே கிடக்கும். ஒன்றை எடுப்பவர் அதற்கு ஈடான இன்னொன்றைப் போட்டுவிட்டு வர வேண்டும். வேறு பரிசு எதுவும் கிடையாது. இருந்தும் இன்று உலகம் முழுக்க 30 லட்சத்துக்கும் மேற்பட்ட டப்பாக்கள் ஒளிந்து கிடக்கின்றன. அண்டார்டிகாவிலும் உண்டு. 2008-ல் விண்வெளிக்குப் பயணம் போன ரிச்சர்ட் கேரியட், சர்வதேச விண்வெளி நிலையத்திலேயே ஒன்றைப் பதிவுசெய்தார்.

கருவி ஆளை டப்பாவுக்கு அருகே கொண்டுபோய் விடும். அதன் மேலேயே கொண்டுபோய் நிறுத்தாது. திறந்தவெளியில் நல்ல கைபேசியின் பிழை சுமார் 5 மீட்டர். அடர்ந்த காட்டில் அது 10 மீட்டரைத் தாண்டிவிடும். பத்து மீட்டர் ஆரமுள்ள வட்டம் என்றால் 300 சதுர மீட்டருக்கும் மேல். அதுவும் பெரணியும் பாசியும் விழுந்து மக்கும் மரங்களுமாக நிறைந்த தரை. அங்கே துணைக்கு வருவது, ஒளித்துவைத்தவர் எழுதிவைத்திருக்கும் ஒரு வரிக் குறிப்பு. ‘சிடார் வேரிடுக்கில்’ என்றோ ‘இரட்டை மேப்பிளுக்குப் பின்னால்’ என்றோ அது இருக்கும். கண்ணில் பட்டவுடனே ரகசியம் உடைந்துவிடக் கூடாது என்பதற்காக, ஆங்கில எழுத்துகளைப் பதின்மூன்று இடம் தள்ளி மாற்றி அந்தக் குறிப்பை வெளியிடுவது வழக்கம். அதை அவிழ்த்துப் படிப்பது எளிது. ஆனால் எதிரே நிற்கும் இருபது மரங்களில் சிடார் எது என்று தெரியாதவருக்கு, அவிழ்த்த பிறகும் அந்த வரியால் பயனில்லை.

ஆகவே காட்டில் ஆடும்போது இது பாதி செயற்கைக்கோள் விளையாட்டு, பாதி மரம் அறியும் கலை. இந்த இரண்டாவது பாதியைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. அதைப் பார்க்கச் சிறந்த இடம், இந்த விளையாட்டு பிறந்த மண்ணான அமெரிக்காவின் ஒரிகன் மாநிலம்.

வாளியில் தொடங்கியது

ஜி.பி.எஸ். அமெரிக்க ராணுவத்துக்காக உருவான அமைப்பு. 1983-ல் வழிதவறி சோவியத் வான்வெளிக்குள் நுழைந்த தென்கொரியப் பயணிகள் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு 269 பேர் இறந்தனர். அதன் பிறகுதான், இந்த அமைப்பைப் பொதுமக்களும் பயன்படுத்தலாம் என்று அதிபர் ரீகன் அரசு அறிவித்தது. ஆனால் பொதுமக்களுக்கான அலைவரிசையில் வேண்டுமென்றே பிழை கலந்து அனுப்பினார்கள். கருவி காட்டும் இடத்துக்கும் உண்மையான இடத்துக்கும் 100 மீட்டர் வரை வித்தியாசம் வந்தது. கப்பலுக்கு அது போதும். காட்டுக்குள் ஒரு டப்பாவைத் தேட எந்த வகையிலும் போதாது.

2000 மே 1 அன்று அதிபர் கிளின்டன் அந்தக் கலப்படத்தை நிறுத்த உத்தரவிட்டார். அன்று நள்ளிரவு முதல் உலகில் இருந்த எல்லா ஜி.பி.எஸ். கருவிகளும் பல மடங்கு துல்லியமாகிவிட்டன. மே 3 அன்று, ஒரிகனைச் சேர்ந்த கணினித் துறை ஆலோசகர் டேவ் உல்மர், போர்ட்லாந்துக்குத் தெற்கே பீவர்கிரீக் என்ற ஊருக்கு அருகே காட்டோரச் சாலையில் ஒரு கறுப்பு வாளியைப் பாதி புதைத்து வைத்தார். உள்ளே மென்பொருள், வீடியோ, புத்தகங்கள், பணம், ஒரு கவண், ஒரு டின் பீன்ஸ், ஒரு நோட்டு, ஒரு பென்சில். இடத்தின் எண்களை இணையத்தில் வெளியிட்டு, கொஞ்சம் எடுங்கள், கொஞ்சம் போடுங்கள் என்ற ஒரே விதியையும் சொன்னார். மூன்று நாட்களுக்குள் இருவர் கண்டுபிடித்துவிட்டார்கள். முதலில் கண்டவர் மைக் டீக். அதே மாத இறுதியில் மேட் ஸ்டம் என்பவர் ஜியோகேச்சிங் என்ற பெயரை முன்மொழிந்தார். செப்டம்பர் 2 அன்று ஜெரமி ஐரிஷ் இதற்கென ஓர் இணையதளத்தைத் தொடங்கியபோது உலகில் இருந்த டப்பாக்கள் 75.

இதற்கு ஒரு பழைய முன்னோடியும் உண்டு. இங்கிலாந்தின் டார்ட்மூர் சதுப்புமேட்டில் ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி, 1854-ல் கிரான்மியர் குளத்தருகே ஒரு பாட்டிலை வைத்தார். அவ்வளவு தூரம் நடந்து வந்தவர்கள் தங்கள் பெயர் அட்டையை அதில் போட்டுவிட்டுப் போனார்கள். நடந்தே போய்ச் சேர வேண்டும், சேர்ந்ததற்கு ஒரு பதிவு இருக்க வேண்டும் என்ற ஆசையில் மாற்றம் எதுவும் இல்லை.

உல்மர் வாளி வைத்த இடத்தில் 2003 முதல் ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. உலகெங்கிலுமிருந்து ஆர்வலர்கள் அதைத் தேடி வருகிறார்கள். வந்தவர்களைச் சுற்றி நிற்பது டக்ளஸ் ஃபர் மரங்கள்.

இலைக்கூரையின் கீழே

ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் தரையிலிருந்து சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. குறைந்தது நான்கின் சமிக்ஞை கிடைத்தால்தான் கருவியால் இடத்தையும் உயரத்தையும் கணிக்க முடியும். தரைக்கு வந்து சேரும்போது அந்தச் சமிக்ஞை மிக மெலிந்திருக்கும். காட்டில் அதற்கு இரண்டு இடைஞ்சல்கள். இலைகளிலும் கிளைகளிலும் இருக்கும் நீர் சமிக்ஞையை உறிஞ்சிவிடும். மழை பெய்து இலைகள் நனைந்திருந்தால் இன்னும் அதிகமாக உறிஞ்சும். அடுத்து, பருத்த அடிமரங்களில் பட்டுத் தெறித்துவரும் சமிக்ஞை, நேராக வருவதைவிடச் சற்றுத் தாமதமாக வரும். கருவி அந்தத் தாமதத்தைக் கூடுதல் தூரம் என்று எண்ணிக்கொள்கிறது. பள்ளத்தாக்குக்குள் இறங்கினால் வானத்தின் பாதியை மலையே மறைத்துவிடும். திரையில் அம்புக்குறி இடப்பக்கம் காட்டும். நான்கு எட்டு வைத்தால் வலப்பக்கம் காட்டும்.

அனுபவப்பட்டவர்கள் அந்த அம்பைத் துரத்துவதில்லை. மரங்களுக்கிடையே வெளிச்சம் விழும் இடைவெளி எதிலாவது நின்று, கருவி நிலைகொள்ளும்வரை காத்திருந்து, டப்பா எந்தத் திசையில் எவ்வளவு தூரம் என்று பார்த்துக்கொள்கிறார்கள். பிறகு சாதாரணத் திசைகாட்டியை வைத்து அந்தத் திசையில் நடக்கிறார்கள். பத்து மீட்டருக்குள் வந்துவிட்டால் கைபேசி சட்டைப்பைக்குள் போய்விடும். அதன் பிறகு எல்லாம் கண்ணின் வேலை.

வைல்ட்வுட் பாதையின் மரங்கள்

போர்ட்லாந்து நகர எல்லைக்குள்ளேயே 5,200 ஏக்கர் பரப்பில் ஃபாரஸ்ட் பார்க் என்ற காடு இருக்கிறது. 1903-ல் நகரப் பூங்காக்களுக்குத் திட்டம் வகுத்துக்கொடுத்த ஜான் சார்லஸ் ஓல்ம்ஸ்டெட் இந்தச் சரிவுகளைக் காடாகவே காக்கச் சொன்னார்; அது நடந்தேற 1948 ஆனது. இடையில் மரம் வெட்டினார்கள், வீட்டுமனை போட முயன்றார்கள், தீயும் பிடித்தது. இன்று நிற்பதில் பெரும்பகுதி மறுபடி வளர்ந்த காடு. அதன் ஊடே சுமார் 48 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓடுகிறது வைல்ட்வுட் நடைபாதை. வழியெங்கும் மரங்களில் நீலநிற வைர வடிவக் குறிகள் உண்டு.

இங்கே ஆண்டு மழை ஏறத்தாழ 900 முதல் 1,000 மில்லிமீட்டர். தமிழ்நாட்டின் சராசரி மழையும் கிட்டத்தட்ட இந்த அளவுதான். ஆனால் அங்கே அது அக்டோபர் முதல் மே வரை தூறலாகப் பெய்து கொண்டே இருக்கிறது; கோடையில் இரண்டு மூன்று மாதம் மழை மிகக் குறைவு. இலையுதிர் மரத்துக்கு இது பாதகமான கணக்கு. இலை இருக்கும்போது தண்ணீர் இல்லை, தண்ணீர் இருக்கும்போது இலை இல்லை. ஊசியிலை மரமோ உறைபனி அதிகம் இல்லாத அந்தக் குளிர்காலத்திலும் ஒளிச்சேர்க்கை செய்து உணவு சேர்க்கிறது. பசிபிக் வடமேற்கில் ஊசியிலை மரங்கள் ஆட்சி செய்வதற்கு முக்கியக் காரணம் இது.

அவற்றில் முதலில் அறிய வேண்டியது டக்ளஸ் ஃபர். 1939 முதல் ஒரிகனின் மாநில மரம். கட்டட மரமாக இந்த மாநிலத்தின் பொருளாதாரத்தையே தாங்கியது. 1825-ல் கொலம்பியா நதிக்கரைக்கு வந்து, விதைகளைச் சேகரித்து பிரிட்டனுக்கு அனுப்பிய ஸ்காட்லாந்துத் தாவர ஆய்வாளர் டேவிட் டக்ளஸ் நினைவாக மரத்துக்கு இந்தப் பெயர். அவருக்கு முன்பே இதைப் பதிவுசெய்த ஆர்ச்சிபால்ட் மென்சிஸின் பெயர் அறிவியல் பெயரில் இருக்கிறது. முதிர்ந்த மரத்தின் பட்டை கை புதையும் அளவுக்கு ஆழமாக வெடித்திருக்கும். மிகப் பழைய மரங்களில் 30 சென்டிமீட்டர் தடிமன்கூட இருக்கும். தரையில் பரவும் தீ அந்தப் பட்டையைத் தாண்டி உள்ளே போவதில்லை.

இந்த மரத்தைப் பிழையின்றிச் சொல்ல வேண்டுமானால் அண்ணாந்து பார்க்க வேண்டாம், குனிந்து தரையைப் பார்த்தால் போதும். கீழே கிடக்கும் கூம்புக்காயைக் கையில் எடுக்க வேண்டும். ஐந்து முதல் பத்து சென்டிமீட்டர் நீளம். செதில்களுக்கு இடையிலிருந்து மூன்று முனையுள்ள காகிதம் போன்ற சிறு நாக்குகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நடுமுனை நீளம், பக்கத்து இரண்டும் குட்டை. காட்டுத்தீக்குப் பயந்த எலிகள் இந்தக் காய்க்குள் ஓடி ஒளிந்ததாகவும், வெளியே தெரிவது அவற்றின் பின்னங்கால்களும் வாலும் என்றும் அங்கே ஒரு கதை சொல்வார்கள். ஒருமுறை இந்தக் கதையைக் கேட்ட குழந்தை டக்ளஸ் ஃபர் மரத்தை வாழ்நாளில் மறக்காது. வேறு எந்த மரத்தின் காயும் அந்தக் காட்டில் இப்படி இருக்காது.

பக்கத்திலேயே நிற்கும் கிராண்ட் ஃபர் மரத்தின் அடியில் முழுக்காய் கிடைக்கவே கிடைக்காது. அதன் காய்கள் உச்சிக் கிளைகளில் மேல்நோக்கி நின்று, மரத்திலேயே செதில் செதிலாக உதிர்ந்துவிடுகின்றன. உண்மையான ஃபர் இனங்கள் எல்லாவற்றுக்கும் இந்தக் குணம் உண்டு. ஆகவே காய் இல்லாததே இங்கே ஒரு தடயம். ஊசியிலைகள் கிளையின் இருபுறமும் தட்டையாக விரிந்திருக்கும். ஒன்றைக் கசக்கி முகர்ந்தால் ஆரஞ்சுத் தோலின் வாசனை வரும்.

வெஸ்டர்ன் ஹெம்லாக் மரத்தை அதன் உச்சிக் கொழுந்தே காட்டிக்கொடுத்துவிடும். மற்ற ஊசியிலை மரங்களில் பலவற்றின் நுனி வானை நோக்கி நிமிர்ந்து நிற்க, இதன் நுனி வளைந்து தொங்கும். ஒரே கிளையில் குட்டை ஊசியும் நீண்ட ஊசியும் கலந்திருக்கும். காய் பெருவிரல் நகத்தைவிடச் சற்றே பெரியது. இதன் தனித்திறமை நிழலில் வளர்வது. டக்ளஸ் ஃபர் கன்றுக்கு நல்ல வெயில் வேண்டும். ஹெம்லாக் கன்று பெரிய மரங்களின் அடியில் பல்லாண்டு பொறுத்திருக்கும். அதனால், வெட்டும் தீயும் இல்லாமல் நூற்றாண்டுகள் கடந்தால் இந்தக் காடு மெல்ல மெல்ல ஹெம்லாக் காடாகிவிடும். பாதையோரம் டக்ளஸ் ஃபர் ஒரே வயதில், ஒரே பருமனில் நெருங்கி நின்றால், அங்கே ஒரு காலத்தில் தீயோ கோடாரியோ எல்லாவற்றையும் துடைத்துவிட்டது என்று படித்துக்கொள்ளலாம்.

ஹெம்லாக் விதை பாசி படர்ந்த தரையில் முளைப்பதைவிட, மக்கும் மரத்தின் மேல் நன்றாக முளைக்கிறது. நூறாண்டுக்கு முன் வெட்டிய சிடாரின் பெரிய அடிக்கட்டை மேல் ஒரு ஹெம்லாக் ஏறி நின்று, வேர்களைக் கட்டையின் இருபுறமும் தரைவரை இறக்கியிருக்கும் காட்சி அங்கே சாதாரணம். கட்டையின் பக்கவாட்டில் ஓரடி அகலத்துக்குச் செதுக்கிய பள்ளங்களும் தெரியும். அடிமரம் மிகப் பருத்து வேர்ப்பக்கம் விரிந்திருந்ததால், மரம்வெட்டிகள் அந்தப் பள்ளங்களில் பலகையைச் செருகி, அதன் மேல் ஏறி நின்று உயரத்தில் ரம்பம் இழுத்தார்கள். ஜியோகேச்சிங் ஆடுபவர்களுக்கு அந்தப் பள்ளம் மிகப் பிடித்த மறைவிடம்.

வெஸ்டர்ன் ரெட் சிடாருக்கு ஊசி கிடையாது. சிறு செதில்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்த தட்டையான இலைக்கொத்து அதனுடையது. கொத்தைத் திருப்பிப் பார்த்தால் அடிப்புறத்தில் வெள்ளைக் கோடுகள் வரிசையாகப் பட்டாம்பூச்சி வடிவம் காட்டும். பட்டை நார் நாராக உரியும். அடிமரம் தரையருகே அகன்று விரிந்திருக்கும். ஈரத்தை விரும்பும் மரம் இது. ஓடைக்கரையிலும் பள்ளத்திலும் தேட வேண்டும். குறிப்பில் சிடார் என்று இருந்து, அம்புக்குறி மேட்டுக்கும் ஓடைக்கும் இடையே தடுமாறினால் ஓடைப்பக்கம் இறங்குவதே புத்திசாலித்தனம். அதன் மரத்தில் இருக்கும் வேதிப்பொருள் மட்கலைத் தடுப்பதால், விழுந்த சிடார் நூறாண்டு கழித்தும் உறுதியாக இருக்கும். பசிபிக் வடமேற்குக் கடற்கரையின் பூர்வகுடிகள் இதிலிருந்து ஓடம் குடைந்தார்கள், வீட்டுக்குப் பலகை பிளந்தார்கள், பட்டை நாரில் கூடையும் பாயும் உடையும் நெய்தார்கள். மரத்தை வெட்டாமல் ஒரு பக்கப் பட்டையை மட்டும் உரித்தெடுத்த பழைய தழும்புகளோடு உயிருடன் நிற்கும் சிடார்கள் வடமேற்கில் இன்றும் உண்டு. அண்மை ஆண்டுகளின் கோடை வறட்சியில் ஒரிகனிலும் வாஷிங்டனிலும் பல சிடார்கள் உச்சியிலிருந்து காய்ந்து வருவது கவலைக்குரியது.

இவற்றின் நிழலில், பெரும்பாலோர் கவனிக்காமல் கடந்துபோகும் சிறிய மரம் ஒன்று இருக்கிறது: பசிபிக் யூ. பட்டை மெல்லிய தாளாக உரிந்து, உள்ளே செம்மை தெரியும். காய்க்குப் பதிலாக விதையைச் சுற்றிச் சிவந்த சதைக்கிண்ணம் இருக்கும். விதை நஞ்சு. பெரிய மரங்களை வெட்டியபோது இதைக் குப்பையாகக் குவித்து எரித்தார்கள். 1962-ல் வாஷிங்டன் மாநிலக் காட்டில் ஆர்தர் பார்க்லே என்ற அரசுத் தாவரவியலாளர், புற்றுநோய் மருந்துத் தேடலுக்காக இதன் பட்டையைச் சேகரித்து அனுப்பினார். வட கரோலினா ஆய்வகத்தில் மன்றோ வாலும், மகாராஷ்டிரத்தில் பிறந்த மன்சுக் வானியும் அதிலிருந்து டாக்சால் என்ற பொருளைப் பிரித்து, 1971-ல் அதன் அமைப்பை வெளியிட்டனர். 1992-ல் சினைப்பைப் புற்றுநோய்க்கு மருந்தாக அது அனுமதி பெற்றது. இன்று சென்னையின் புற்றுநோய் மருத்துவமனைகளிலும் பேக்லிடாக்சல் என்ற பெயரில் அது நோயாளிகளுக்கு ஏறுகிறது. பட்டையை உரித்தால் மரம் செத்துவிடும் என்பதால், தொடக்கத்தில் மருந்தா மரமா என்ற பெரும் விவாதமே நடந்தது. பிறகு வேறு யூ இனத்தின் இலையிலிருந்து அதைத் தயாரிக்கும் முறை வந்து இந்த மரம் தப்பியது. வைல்ட்வுட் பாதையில் நடப்பவருக்கு ஒரே ஒரு மரத்தின் முன்தான் நிற்க நேரம் உண்டென்றால், இதன் முன் நிற்கலாம்.

அகன்ற இலை மரங்களில் பெரியது பிக்லீஃப் மேப்பிள். மேப்பிள் இனங்களிலேயே மிகப் பெரிய இலை இதற்கு. 30 சென்டிமீட்டர் அகலம் வரை போகும். கிளைகள் எதிரெதிராகப் பிரியும், இலைக்காம்பை ஒடித்தால் பால் வரும். அடிமரமும் கிளைகளும் பாசியில் புதைந்து, பாசியின் மேல் பெரணி முளைத்திருக்கும். மேலே தேங்கும் அந்தப் பாசிமண்ணுக்குள் மரம் தன் கிளையிலிருந்தே வேர் விடுகிறது என்பதை, இந்தியத் தந்தைக்குப் பிறந்த அமெரிக்கச் சூழலியலாளர் நளினி நட்கர்ணி, வாஷிங்டன் மாநில மழைக்காட்டு மரங்களில் ஏறிப் பார்த்து 1981-ல் வெளியிட்டார். தன் கிளைமேல் சேர்ந்த சத்தை மரம் தானே உறிஞ்சிக்கொள்கிறது.

வெளிறிய பட்டையோடு கூட்டமாக நிற்பது ரெட் ஆல்டர். அந்த வெண்மை பட்டையின் நிறமல்ல, அதன் மேல் படர்ந்த கல்பாசிகளுடையது. வெட்டுப்பட்ட உள்பட்டை சிறிது நேரத்தில் செம்மஞ்சளாகிவிடும். இலையின் ஓரம் அடிப்புறமாக மெல்லச் சுருண்டிருக்கும். விரலால் தடவினாலே தெரியும். மண் சரிந்த இடம், காடு வெட்டிய இடம், பழைய வண்டிப்பாதை எங்கும் முதலில் குடியேறும் மரம் இது. காற்றின் நைட்ரஜனை மண்ணில் சேர்க்கும் ஃபிரான்கியா என்ற நுண்ணுயிரி இதன் வேர்முடிச்சுகளில் வாழ்கிறது. தமிழகக் கடற்கரை மணலில் சவுக்கு செழிப்பதும் இதே ஃபிரான்கியாவின் தயவால்தான். ஆல்டர் நூறாண்டைத் தாண்டுவது அரிது. அது விட்டுப்போகும் வளமான மண்ணில் சிடாரும் ஹெம்லாக்கும் எழும்.

இன்னும் வளைந்து நெளிந்து, கிளை தரை தொட்ட இடத்தில் வேர்விட்டு, இலையுதிர் காலத்தில் செக்கச் சிவக்கும் வைன் மேப்பிள் இருக்கிறது. வெயில் காயும் வறண்ட சரிவில் பட்டை உரிந்து வழவழப்பாக நிற்கும் மட்ரோன் இருக்கிறது. குளிர்காலத்தில் இலையெல்லாம் உதிர்ந்த பிறகு மேப்பிளையும் ஆல்டரையும் பிரித்தறியக் கிளையைப் பார்த்தால் போதும்: எதிரெதிராகப் பிரிந்தால் மேப்பிள், மாறிமாறிப் பிரிந்தால் ஆல்டர்.

ஒளித்துவைப்பவரின் கை

மரம் தெரிந்தவருக்குப் பொருந்தாத பொருள் பளிச்சென்று கண்ணில் படும். காட்டு டப்பாக்களில் பழைய தோட்டாப் பெட்டி பெரிது; அதில் தண்ணீர் ஏறாது. மூடி இறுக்கிப் பூட்டும் பிளாஸ்டிக் சாப்பாட்டு டப்பா பரவலானது. விரல் நுனி அளவுக்குத் திருகுமூடி போட்ட உலோகக் குப்பியும் உண்டு. அதில் சுருட்டிய ஒரு தாள் மட்டும் இருக்கும். தேடலைக் கடினமாக்க மரப்பட்டையை ஒட்டுவார்கள், கூம்புக்காயைக் குடைந்து உள்ளே குப்பியைச் செருகுவார்கள். ஈரமான இந்தச் சரிவுக் காட்டில் பைன் மரம் இயல்பாகக் காண்பது அரிது. ஆகவே ஹெம்லாக் கிளையில் பருத்த பைன் காய் தொங்கினால் அது கடையில் வாங்கிய காய். ஆல்டரின் மேல் நார்ப்பட்டை ஒட்டியிருந்தால் அதுவும் மனிதக் கை. விழுந்த மரத்தின் ஓரமாக ஒரே நீளக் குச்சிகள் அடுக்கடுக்காக இணையாகக் கிடந்தாலும் சந்தேகப்படலாம். காற்று குச்சிகளை அப்படி அடுக்காது.

ஒவ்வொரு டப்பாவுக்கும் தேடும் கடினம், நிலத்தின் கடினம் என இரண்டு மதிப்பீடுகள், ஒன்றிலிருந்து ஐந்து வரை. முதலாவது ஐந்து என்றால் கண்முன்னே இருந்தும் தெரியாது. இரண்டாவது ஐந்து என்றால் கயிறோ படகோ தேவைப்படும். சில தேடல்கள் பல கட்டமானவை. முதல் இடத்தில் கிடைக்கும் விடையைக் கொண்டுதான் அடுத்த இடத்தின் எண்களைக் கணக்கிட முடியும். அந்தக் கேள்வி மரத்தைப் பற்றியதாக இருந்தால், நடையே ஒரு வகுப்பாகிவிடும். பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைவிடச் சிறந்த தாவரவியல் பாடம் இல்லை.

மரத்தைப் படம்பிடித்து இனத்தைச் சொல்லும் ஐநேச்சுரலிஸ்ட் போன்ற செயலிகள் உதவும். ஆனால் அடிமரத்தை மட்டும் எடுத்த படத்துக்குச் செயலி உத்தரவாதமாகப் பதில் சொல்லாது. இலையின் மேற்புறம், அடிப்புறம், பட்டை, தரையில் கிடக்கும் காய் என்று தனித்தனியாக எடுக்க வேண்டும். எடுத்த பிறகு செயலியின் பதிலைக் கையில் உள்ள காயோடு ஒப்பிடவும் வேண்டும்.

காட்டுக்கு ஆகும் செலவு

இந்த விளையாட்டு காட்டைக் கெடுக்காது என்று சொல்ல முடியாது. பாதையிலிருந்து முப்பது மீட்டர் உள்ளே ஒரு டப்பா இருந்தால், ஓராண்டில் அங்கே ஒரு புதுத் தடம் விழுந்துவிடும். நூறு பேர் பத்து மீட்டர் வட்டத்தைக் கிளறினால் பாசி பெயர்ந்து, பெரணி மிதிபட்டு, மண் இறுகிப்போகும். பூக்கவே பல ஆண்டுகள் எடுக்கும் டிரில்லியம் போன்ற வசந்தப் பூச்செடி மிதிபட்டால் மீண்டெழ வெகுகாலமாகும். அதனால் பாதையோரத்திலேயே, எட்டும் தூரத்தில், வெட்டிய அடிக்கட்டை போன்ற உறுதியான இடத்தில் டப்பா வைப்பவரே பொறுப்பானவர்.

விதிகளும் இதையே சொல்கின்றன. உல்மர் செய்ததுபோல் மண்ணைத் தோண்டிப் புதைக்க இன்று பொதுவாக அனுமதியில்லை. உயிர் மரத்தில் ஆணியோ திருகாணியோ அடிக்கக் கூடாது. உணவுப்பொருள் வைக்கக் கூடாது. கரடியும் ரக்கூனும் மோப்பம் பிடித்து வந்துவிடும். நில உரிமையாளரின் அனுமதி வேண்டும். இரண்டு டப்பாக்களுக்கு இடையே குறைந்தது 161 மீட்டர் இடைவெளி வேண்டும். அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் நிர்வாகத்தின் ஒப்புதலின்றி டப்பா வைக்க முடியாது.

ஃபாரஸ்ட் பார்க் காட்டின் உண்மையான எதிரி வேறு. இங்கிலாந்து ஐவி என்ற கொடியை ஐரோப்பியக் குடியேறிகள் தோட்ட அழகுக்காகக் கொண்டுவந்தார்கள். அது குளிர்காலத்திலும் பச்சையாக நின்று தரையை மூடி, மரக்கன்றுகளை முளைக்கவிடாமல் செய்கிறது. பிறகு மரத்தின் மேலேறி, தன் பாரத்தாலேயே புயலில் மரத்தைச் சாய்க்கிறது. தன்னார்வலர்கள் ஆண்டுதோறும் அதைப் பிடுங்குகிறார்கள். மரத்தைச் சுற்றி ஆள் உயரத்தில் கொடிகளை வட்டமாக அறுத்துவிட்டால் மேலே உள்ளது காய்ந்துவிடும். ஜியோகேச்சிங் ஆடுபவர்கள் 2002 முதல் உலகெங்கும், டப்பா தேடப் போகும் இடத்தைச் சுத்தம்செய்யும் கூட்டு நிகழ்ச்சிகளை நடத்துகிறார்கள். குப்பை பொறுக்குவதோடு அயல் களைகளை அகற்றுவதும் அதில் அடங்கும். எது மண்ணின் மரம், எது வந்தேறி என்று தெரியாதவர் கையில் அரிவாள் கொடுப்பது ஆபத்து; மரம் அறிதல் இங்கே பொழுதுபோக்கைத் தாண்டிய தேவையாகிறது.

ஒரிகனுக்குப் படிக்கவோ வேலைக்கோ போயிருக்கும் தமிழர்கள் இந்தக் காட்டைப் பார்க்க நினைத்தால், வைல்ட்வுட் பாதையின் தெற்கு முனையிலிருந்து தொடங்குவது நல்லது. வாஷிங்டன் பார்க் ரயில் நிலையத்தில் இறங்கி மேலே வந்தால் பாதை பக்கம். சிறிது தூரத்தில் அது 1928-ல் உருவான ஹோய்ட் மரத்தோட்டத்துக்குள் நுழைகிறது. அங்கே உலகின் பல பகுதிகளிலிருந்து கொண்டுவந்த மரங்களும் ஒரிகனின் மரங்களும் பெயர்ப்பலகையோடு நிற்கின்றன. கலிஃபோர்னியாவின் ரெட்வுட்டைப் பார்த்து உள்ளூர் மரம் என்று நினைத்துவிடாமல் பலகையைப் படிக்க வேண்டும். மேலே சொன்ன மரங்களைப் பலகையோடு ஒருமுறை பார்த்து, இலையைத் திருப்பி, விழுந்த காயைக் கையில் எடுத்துப் பழகிவிட்டு வடக்கே நடந்தால், பலகையில்லாத ஃபாரஸ்ட் பார்க்கில் அதே மரங்களைத் தானே பெயர்சொல்ல வரும். மழைச்சட்டை எடுத்துக்கொள்ளுங்கள், மூன்று மூன்று இலையாக மினுங்கும் விஷ ஓக் செடியைத் தொடாதீர்கள். மரத்தோட்டம் ஆண்டு முழுவதும் திறந்திருக்கிறது, நுழைவுக் கட்டணம் கிடையாது.